சித்தப்பா கடையும் திறக்காத ஃபோல்டரும்

“ஏப்பா, நல்லா ஓடிக்கிட்டிருந்த கம்ப்யூட்டரை இப்படிப் பண்ணி வெச்சிருக்கியே!”

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் சித்தப்பா, காலை ஒன்பது மணிக்கு போனில் சொன்னது இது. தப்பு என்னுடையதுதான் மக்களே.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுபோயின. கடையின் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது. தூக்கிப்போட மனசில்லாமல் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். சும்மா பறந்தது. (2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தேதான் வந்தது. நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?)

ஆனால், சேலை போட்டோக்கள் எல்லாம் கல்லாவில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில், ஷேர் செய்த ஃபோல்டரில் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவற்றை எடுத்துத்தான் கடை அக்கா வெளியூர் வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பொங்கல் ஆர்டர் நேரம். லினக்ஸில் ‘நெட்வொர்க்’கைத் திறந்தால் ஒன்றுமே இல்லை!

யூடியூபில் தேடினேன். ‘விண்டோஸில் எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, வேலை முடிஞ்சது’ என்றார் ஒருவர். கை மவுஸ் வரைக்கும் போய்விட்டது. நல்லவேளை, நிறுத்திவிட்டேன். எஸ்எம்பி என்பது கம்ப்யூட்டர்கள் ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் முறை. அதன் பழைய வடிவத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவி, பிரிட்டன் அரசு மருத்துவமனைகள் வரை முடக்கியது. அதே ஆண்டு முதல் புதிய விண்டோஸில் அது தானாக வருவதில்லை. லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் ‘சாம்பா’வும் 2019-ல் அதை ஒதுக்கிவிட்டது. பழைய முறை போனதும், பக்கத்து கம்ப்யூட்டரின் பெயர் பட்டியலில் தெரிவதும் பல இடங்களில் நின்றுபோனது. அதாவது, கம்ப்யூட்டர் கண்ணுக்குத்தான் தெரியவில்லை, கதவு இருக்கிறது. சித்தப்பாவின் கணக்கு வழக்கு மொத்தமும் அந்த மெஷினில்தான். அதில் போய்ப் பழைய ஓட்டையைத் திறந்துவிடுவதா?

நேராக விலாசம் சொல்லிப் போனேன். விண்டோஸில் ஐபி நம்பரைப் பார்த்துக்கொண்டு, லினக்ஸ் ஃபைல் மேனேஜரில் கன்ட்ரோலையும் எல்லையும் சேர்த்து அழுத்தி, எஸ்எம்பி, கோலன், இரண்டு ஸ்லாஷ், பிறகு 192.168.1.5 என்று அடித்தேன். கதவு வந்தது, பாஸ்வேர்டு கேட்டது. சித்தப்பாவின் 4 இலக்க பின்னைப் போட்டால் ஏற்கவில்லை. அரை மணி நேரம் தலையைப் பிய்த்த பிறகுதான் உறைத்தது: பின் நம்பர் அந்த மெஷினுக்கு முன்னால் உட்காருபவருக்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வந்தால் செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் அப்படித்தான்.

விண்டோஸில் ‘கடை’ என்று தனி யூசர் உருவாக்கி, பாஸ்வேர்டு வைத்து, அந்த ஒரு ஃபோல்டரைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தேன். ஷேரிங், செக்யூரிட்டி என இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டால் கதவு திறந்தும் உள்ளே போக முடியாது. ரூட்டரை அணைத்துப் போட்டால் ஐபி நம்பர் மாறக்கூடும் என்பதால், ரூட்டரிலேயே அந்த நம்பரை நிரந்தரமாக்கிவிட்டு, லினக்ஸில் புக்மார்க் போட்டேன்.

திறந்தது. அக்கா முதல் போட்டோவை அனுப்பினார்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். “சரிப்பா... பிரின்ட்டர்?”