பழைய படகும் புதிய பாயும்

வீட்டில் ஒரு சாமான் பழுதுபட்டால் நம்மவர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இதைச் செப்பனிட ஆகும் செலவுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே, இது கட்டுபடியாகுமா?" என்பதுதான் அது. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு எக்காலத்தும் ஒரே விடைதான் என்று எண்ணிவிடலாகாது. இக்கேள்விக்கு வேறு விதமாக விடை கண்ட ஒரு மாலுமியின் கதையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஜோஷுவா ஸ்லோகம் என்பவர் கானடாவில் நோவாஸ்கோஷியா மாகாணத்தில் 1844-ஆம் வருஷம் பிறந்தவர். இளமையிலேயே கடலுக்குச் சென்று, படிப்படியாக உயர்ந்து, பெரிய பாய்க்கப்பல்களுக்குத் தலைவரானார். 1887-இல் பிரேஸில் கரையோரத்தில் அவருடைய சொந்தக் கப்பல் உடைந்து போயிற்று. அதற்குள் நீராவிக் கப்பல்கள் பெருகிவிட்டன. பாய்க்கப்பல் ஓட்டுவதில் கரைகண்ட ஒருவருக்கு, ஐம்பதை எட்டும் வயதில், வேலை கொடுப்பார் இல்லை. தாம் கற்ற வித்தை காலத்துக்கு ஒவ்வாததென்று உலகம் ஒதுக்கும்போது மனிதன் படும் துயரத்தை, அவ்வாறு ஒதுக்கப்பட்டவர்களே அறிவார்கள்.

இந்நிலையில் 1892-இல், திமிங்கில வேட்டைக்கப்பல் தலைவராயிருந்த ஈபன் பியர்ஸ் என்ற நண்பர், அவருக்கு ஒரு கப்பலைத் தருவதாகச் சொன்னார். சிறிது பழுது பார்க்கவேண்டியிருக்கும் என்றும் எச்சரித்தார். மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஃபேர்ஹேவன் என்ற ஊருக்குச் சென்று பார்த்தால், 'கப்பல்' தண்ணீரிலேயே இல்லை! வயல்வெளியில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, பாய்த்துணியால் மூடி வைத்திருந்தார்கள். 'ஸ்ப்ரே' என்ற பெயருடைய அந்தப் பழைய சிப்பிப் படகு ஏழு வருஷங்களாக அங்கேயே கிடந்தது. அதை உடைத்து விறகாக்கவே ஆள் வந்திருக்கிறான் என்று ஊரார் நினைத்தார்கள். புதுப்பிக்கப் போவதாக அவர் சொன்னதும் வியந்தார்கள். கட்டுபடியாகுமா என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது.

ஸ்லோகம் கோடரியை எடுத்துக்கொண்டு முதலில் அருகிலிருந்த ஒரு பெரிய ஓக் மரத்தை வெட்டினார். படகின் முதுகெலும்பாகிய ஏராவுக்கு அம்மரம் பயன்பட்டது. ஆவிப்பெட்டி ஒன்றை அமைத்து, அதில் மரச்சட்டங்களை வேகவைத்து வளைத்து, விலா வங்குகளாகப் பொருத்தினார். உளுத்த பழைய வங்கு இருந்த இடத்தில் புதியது அமர்ந்தது. அவற்றின்மேல் ஒன்றரை அங்குல கனமுள்ள பைன் பலகைகளைப் பதித்தார். பலகைகளின் உள்விளிம்புகள் வெளிச்சம் நுழையாதபடி நெருங்கியிருக்க வேண்டும்; வெளிவிளிம்புகளோ, பஞ்சும் நாரும் திணித்துக் கலப்பத்து அடிப்பதற்கு இடம் கொடுத்துச் சற்றே விலகியிருக்க வேண்டும். மரையாணிகள் மாத்திரம் ஏறக்குறைய ஆயிரம் முடுக்கினார். ஆழ்கடலின் அலை மேலே ஏறாதிருக்க, பக்கங்களை நடுவில் 12 அங்குலமும் அணியத்தில் 18 அங்குலமும் உயர்த்தினார்.

பதின்மூன்று மாத உழைப்பில் வேலை முடிந்தது. நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். கைப்பொறுப்பு 553 டாலர் 62 ஸெண்ட். பழைய மரம் அநேகமாக ஒன்றுமே மிஞ்சாதபோது இது பழைய ஸ்ப்ரேயா, புதியதா என்று தர்க்க சாஸ்திரிகள் வாதிக்கலாம். மாலுமிகளின் வழக்கப்படி அது ஸ்ப்ரேயேதான்.

மறு வருஷம் அதில் மீன்பிடிக்கச் சென்று பார்த்தார். கட்டுபடியாகவில்லை! ஆகவே உலகத்தையே சுற்றிவரத் தீர்மானித்து, தன்னந்தனியராக 1895 ஏப்ரல் 24-ஆம் தேதி பாஸ்டனிலிருந்து புறப்பட்டார்.

புறப்பட்ட பிறகும் செப்பனிடும் வேலை ஓயவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஒற்றைப் பாய்மரத்தில் பெரிய பாய் கட்டியிருந்தால் காற்று வலுக்கும்போது ஒரு மனிதனால் அடக்க முடியாது. எனவே ப்யூனஸ் அயர்ஸ் நகரில் பாய்மரத்தை ஏழு அடி குறைத்தார். அணியத்தில் நீட்டிக்கொண்டிருந்த மரத்தை ஐந்தடி வெட்டினார். தென்னமெரிக்கக் கடல்களிலேயே பின்புறத்தில் சிறு மரமொன்றை நாட்டி இன்னொரு பாய் கட்டினார். முன்பாய் அணியத்தைக் காற்றின் போக்கில் தள்ளும். பின்பாய் பின்புறத்தைத் தள்ளும். இரண்டும் சமனானால் படகு திசை மாறாமல் செல்லும். சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு மாலுமி உறங்கலாம். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கிலுள்ள வியாழத் தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 2,700 மைல் தூரத்தை 23 நாளில் கடந்தபோது, அவர் சுக்கான் பிடித்தது மொத்தம் மூன்று மணி நேரம்தானாம். அத்தீவுகளின் அருகே பவளப்பாறை ஒன்றில் மோதியபோது பாறைதான் பிளந்தது. வயலோரத்து ஓக் மரத்துக்கு ஒரு கீறலும் இல்லை.

46,000 மைல்களுக்கு மேல் சென்று, 1898 ஜூன் 27-ஆம் தேதி நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். தனியாகப் பாய்க்கப்பலில் உலகைச் சுற்றியவர்களில் முதல்வர் அவரே. அப்பிரயாணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1900-இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. 1909-இல் அதே ஸ்ப்ரேயில் மீண்டும் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். பிறகு படகையும் அவரையும் கண்டவர் இல்லை.

பழைய சாமான்களை எல்லாம் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உளுத்த வங்கை ஸ்லோகம் தயங்காமல் கழித்தார். வடிவத்தை மட்டும் காத்தார். எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதைக் கண்ணாலும் கையாலும் அறிய அவருக்குத் தொழில் தெரிந்திருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் உடைந்த கடிகாரத்தையோ ஓடாத சைக்கிளையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், உடனே அதட்டி எழுப்பிவிடாமல், ஒரு திருப்புளியையும் எடுத்துக் கொடுப்போமாக. கட்டுபடியாகுமா என்ற கணக்கைச் சில வருஷங்கள் கழித்துப் போட்டுக்கொள்ளலாம்.