ஆயில் கூடினா சந்தோஷப்படாதீங்க

என்ஜின் ஆயில் குறைஞ்சா எல்லாரும் பதறுறோம். கூடினா யாரும் கண்டுக்கிறதே இல்லை. டீசல் வண்டி வைத்திருக்கிறவர்கள் கூடினாலும் பதறணும், சொல்லப்போனா அப்பத்தான் இன்னும் சீக்கிரம் பதறணும் என்பது என் கட்சி.

எங்க ஒட்டன்சத்திரம் பக்கம் பிக்கப் வண்டி நிற்காத தெரு கிடையாது. தக்காளி, முருங்கை, வெண்டை எல்லாம் மார்க்கெட்டுக்குப் போறது அதுலதான். வண்டி ரெண்டு நாள் படுத்துட்டா பறிச்ச காய் அழுகும், வாடகைக்கு வேற வண்டி பிடிக்கணும். என்ஜின் வேலைன்னு வந்துட்டா ஒரு போகத்து வருமானம் அங்கேயே போயிடும். அதனால வண்டிக்குள்ள நடக்கிறது எங்களுக்கு வயல்ல நடக்கிற மாதிரிதான்.

ஆயில் தானா ஊறாது. மட்டம் ஏறுதுன்னா மூணுல ஒண்ணு. மாத்தினவர் கை தாராளமா ஊத்தியிருக்கணும், இல்லைன்னா ரேடியேட்டர் தண்ணி உள்ளே இறங்கணும், அதுவும் இல்லைன்னா டீசல் இறங்கணும். ஒரு மாடு திடீர்னு ரெண்டு லிட்டர் கூடக் கறந்ததுன்னு சொன்னா பால் சொசைட்டிக்காரர் கைதட்ட மாட்டார், டிகிரி போட்டுப் பார்ப்பார். அந்தப் புத்தி நமக்கு வண்டி விஷயத்துல வர மாட்டேங்குது. "பரவாயில்லைப்பா, நம்ம வண்டி ஆயிலே குடிக்கிறதில்லை"ன்னு டீக்கடையில பெருமை பேசினவங்க எனக்குத் தெரியும்.

டீசல் கலந்த ஆயில் தண்ணியா போயிடும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல நிற்க வேண்டிய அந்த மெல்லிசான படலம் அறுந்துடும். இரும்பும் இரும்பும் உரசும். பிரஷர் இறங்கும், பேரிங் போகும். ரொம்ப ஏறிடுச்சுன்னா இன்னொரு ஆபத்து இருக்கு. ஆயில் ஆவி காத்துக்குழாய் வழியா என்ஜினுக்குள்ளேயே போய் அதுவே எரிய ஆரம்பிச்சுடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது, என்ஜின் தன் இஷ்டத்துக்கு அலறும். அபூர்வம்தான். ஆனா பார்த்தவங்க மறக்க மாட்டாங்க.

பார்க்கிற முறை ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. காலையில, வண்டி சமமான இடத்துல நிற்கும்போது, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி டிப்ஸ்டிக்கை உருவித் துடைச்சு மறுபடி விட்டு எடுங்க. ஆயில் மாத்தின அன்னைக்கு மட்டம் எங்கே இருந்ததோ அதைக் கிலோமீட்டரோடு ஒரு நோட்டுல எழுதி வையுங்க. அன்னைக்கு எழுதலைன்னா பின்னாடி கூடுச்சா குறைஞ்சுதான்னு யாருக்கும் தெரியாது. கூடியிருந்தா நிறத்தைப் பாருங்க. மோர் மாதிரி, பால் காபி மாதிரி வெளுத்திருந்தா தண்ணி. கறுப்பாவே இருந்து, விரல்ல தொட்டா பிசுக்கு இல்லாம நழுவினா, மூக்குக்கிட்ட கொண்டுபோனா டீசல் வாடை அடிச்சா, அது டீசல்தான். வடிகட்டுற காகிதத்துல ஒரு சொட்டு விட்டு சில மணி நேரம் வச்சா, நடுவுல கறுப்பும் அதைச் சுத்தி வெளிறின வளையமும் பரவும். பக்கத்துலேயே புது ஆயில் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட்டுப் பாருங்க. இதெல்லாம் குத்துமதிப்பு. துல்லியமா வேணும்னா ஆயில் பரிசோதனைக் கூடத்துக்குச் சின்ன பாட்டில்ல அனுப்பலாம். பொதுவா நூத்துக்கு 5 பங்குக்கு மேல டீசல்னா ஆபத்துன்னு எடுத்துக்குவாங்க. 6 லிட்டர் பிடிக்கிற வண்டியில அது 300 மில்லிதான், ஒரு சின்ன சொம்பு.

டீசல்னு தெரிஞ்சாச்சு. எந்த வழியா இறங்குதுங்கிறதுலதான் காசு கரையுது.

என் பங்காளி மகன் கதை இது. வண்டி பிஎஸ்6. காலையில தோட்டத்துக்கும் ஊருக்கும் மூணு கிலோமீட்டர் நடை, காய் ஏத்துற வரைக்கும் ஸ்டார்ட்டிங்லேயே நிற்கும், மறுபடி மூணு கிலோமீட்டர். ஆயில் ஏறுச்சு. பட்டறையில திறந்தே பார்க்காம "பம்பு சீல் போச்சு"ன்னு சொல்லி பம்பையே மாத்தினாங்க. 40,000 ரூபாய்க்கு மேல ஆச்சு. அடுத்த மாசம் மறுபடி ஏறுச்சு. இப்ப "நாலு இன்ஜெக்டரையும் மாத்திடலாம்"னாங்க. அதுக்கப்புறம்தான் பழனி ரோட்டுல ஒரு பெரியவர்கிட்ட கொண்டு போனோம். அவர் ஸ்பேனரே எடுக்கலை. "தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஸ்டார்ட் பண்றே? ஒரு நடை எவ்வளவு தூரம்? சூடு காட்டுற முள் எங்க நிக்குது?"ன்னு கேட்டார். முள் பாதிக்குக் கீழேயே கிடக்கும்னான். தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் பார்த்தார். திறந்தபடியே மாட்டிக்கிட்டு இருந்தது.

இதை டவுன் நண்பர்களுக்குக் கொஞ்சம் விளக்கணும். 2020 ஏப்ரல் 1-லேர்ந்து இந்தியாவுல விற்கிற புது வண்டியெல்லாம் பிஎஸ்6. இந்த டீசல் வண்டிகள்ல சைலன்ஸர் பாதையில புகைக்கரியைப் பிடிச்சு வைக்கிற ஒரு வடிகட்டி இருக்கு, டிபிஎஃப்னு சொல்லுவாங்க. கரி நிறைஞ்சா வண்டியே அதை எரிச்சு சுத்தம் பண்ணிக்கும். அதுக்குச் சூடு வேணும். பெரும்பாலான வண்டிகள்ல அந்தச் சூட்டுக்காக இன்ஜெக்டர் வழக்கமான நேரம் தாண்டிக் கொஞ்சம் டீசலைக் கூடுதலா அடிக்கும். அதுல ஒரு பங்கு சிலிண்டர் சுவர்ல ஒட்டி, பிஸ்டன் ரிங் தாண்டிக் கீழே ஆயில்ல இறங்கும். ஒரே மூச்சுல முடிஞ்சா பாதகமில்லை. பாதியில வண்டியை நிறுத்தி, மறுபடி ஆரம்பிச்சு, மறுபடி நிறுத்தினா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் கீழே சேரும். இவன் வண்டியில தெர்மோஸ்டாட் திறந்தே கிடந்ததால என்ஜின் சூடாகவே இல்லை. சுத்தம் பண்ற வேலை தொடங்கும், அறுந்து போகும். பம்பு பாவம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை.

சில ஊர்ல தெர்மோஸ்டாட்டை வேணும்னே கழட்டி எறியுறாங்க, நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குன்னு. இன்னும் சிலர் டிபிஎஃப்பையே வெட்டி எடுத்துடலாம்னு ஆசை காட்டுறாங்க. சட்டப்படியும் தப்பு. அந்தக் கரிப்புகையை முதல்ல மூக்குல வாங்குறது தெருவுல விளையாடுற நம்ம பிள்ளைங்கதான்.

எல்லா வண்டிக்கும் இதே காரணம்னு நான் சொல்லலை. காலையில ஸ்டார்ட் பண்ணும்போது வெள்ளைப் புகையும் தட்டுற சத்தமும் இருந்தா ஏதோ ஒரு இன்ஜெக்டர் மூடாம சொட்டுதான்னு கழட்டி சோதிக்கணும். சில என்ஜின்ல இன்ஜெக்டரோட ரிட்டர்ன் குழாய் டேப்பெட் கவருக்குள்ளேயே ஓடும். அங்கே ஒரு வாஷர் கசிஞ்சா நேரா ஆயில்லதான் விழும், கவரைத் திறந்தா கண்ணுக்கே தெரியலாம். தெரியலைன்னா டீசல் டேங்குல ஒளிரும் சாயம் கலந்து, ஓட்டிட்டு வந்து, ஊதா விளக்கு அடிச்சுப் பார்க்கிற வழி இருக்கு. பல்சக்கரத்துல ஓடுற பம்புன்னா அதோட ஷாஃப்ட் சீல் வழியாவும் வரலாம். பழைய டீசல்கள்ல ஃபீட் பம்பு ஒரு சந்தேகம். நான் சொல்ல வர்றது வரிசையைப் பத்தி. செலவில்லாத கேள்வி முதல்ல, கழட்டிப் பார்க்கிறது அடுத்து, சாமான் மாத்துறது கடைசி. பட்டறையில இது அப்படியே தலைகீழா நடக்குது.

ஏன் தலைகீழா நடக்குதுன்னா, அதுல பாதிப் பழி நம்ம மேலதான். அந்தப் பெரியவர் அரை நாள் செலவழிச்சுப் பார்த்ததுக்கு 500 ரூபாய் கேட்டார், தெர்மோஸ்டாட் விலை தனி. பங்காளி முகம் சுருங்கிடுச்சு. "சும்மா பார்த்ததுக்கு ஐந்நூறா?"ன்னார். 40,000 கொடுத்தப்ப இந்தக் கேள்வி வரலை, ஏன்னா கையில ஒரு பெட்டி பம்பு இருந்தது. டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்கிறோம், மருந்துக்குத் தனியா கொடுக்கிறோம். மெக்கானிக் மட்டும் சாமான் வித்த காசுல பிழைச்சுக்கணும்னு விட்டா, அவர் சாமானைத்தான் விப்பார். கண்டுபிடிக்கிறதுக்குன்னு தனிக் கூலி பேசுங்க. பேசும்போதே, "ஏன் இதுதான் காரணம்னு சொல்றீங்க, காட்டுங்க"ன்னு கேளுங்க. காட்ட முடியாதவர் கையில வண்டியைக் கொடுக்காதீங்க.

டவுன்ல டீசல் கார் வச்சிருக்கிறவங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட ரெண்டு கிலோமீட்டர், கடைக்கு ஒரு கிலோமீட்டர்னு மட்டுமே ஓட்டினா உங்க ஆயிலும் ஏறும். வாரத்துக்கு ஒரு நாள் பைபாஸ்ல ஒரு அரை மணி நேரம் நிற்காம ஓட்டுங்க. டிபிஎஃப் விளக்கு எரிஞ்சா அதை எப்படி அணைக்கிறதுன்னு வண்டியோட வந்த புத்தகத்துல இருக்கும். அந்தப் புத்தகம் எங்க கைக்குப் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் வருது, அது தனிக் கோபம்.

காரணத்தைச் சரி பண்ணின உடனே ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாத்திடுங்க. மேல இருக்கிறதைக் கொஞ்சம் வடிச்சுவிட்டு மட்டத்தை மட்டும் சரி பண்றது வேலைக்கு ஆகாது, மிச்சம் இருக்கிறதும் அதே தண்ணி ஆயில்தான். மாத்தி 500 கிலோமீட்டர் ஓடினதும் டிப்ஸ்டிக்கை மறுபடி பாருங்க. வடிச்ச பழைய ஆயிலை வாய்க்கால் ஓரமா ஊத்திடாதீங்க. எங்க ஊர்ல வேலிக்கம்புல கரையான் ஏறாம இருக்க அதைத் தடவுவாங்க, அதுவும் மழைக்குக் கரைஞ்சு மண்ணுலதான் இறங்குது. பட்டறையில பேரல்ல சேர்த்து வச்சு எடுக்கிறவங்களுக்குக் கொடுப்பாங்க, அங்கேயே விட்டுட்டு வாங்க.