ஒரே ஒரு பூவைப் படம் பிடியுங்கள்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். மலரைப் பற்றியே எழுதித் தருகிறேன் என்றேன். "மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பூ எதுக்குடா மச்சான்?" என்று ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

நம் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. போனைத் திறந்தால் நண்பன், பைக், பிரியாணி என்று ஆயிரம் படம். பூவும் இருக்கும், ஆனால் நம் முகத்துக்குப் பின்னால்! என் கருத்து இதுதான்: ஒரு பூவை மட்டும் தனியாகப் படம் எடுங்கள். எடுத்ததோடு விடாமல், அது எங்கிருந்து வந்தது, நம் ஜனங்கள் அதை என்னவாக நினைத்தார்கள் என்று தேடுங்கள்.

செலவு ஒன்றும் இல்லை. காலை எட்டு மணிக்கு முந்திய இளவெயில் போதும். பூவுக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சார்ட் பேப்பர். காற்று அடங்கும்வரை பொறுமை. அவ்வளவுதான்.

நான் முதலில் எடுத்தது கேண்டீன் சுவரோரம் இருக்கும் காகிதப்பூ. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இத்தனை நாள் நாம் பூ என்று நினைத்த அந்தச் சிவப்பு, பூவே இல்லை! அது நிறம் மாறிய இலை. நடுவே தீக்குச்சித் தலை போல வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் உண்மையான பூ. சொந்த ஊர் தென் அமெரிக்கா. 1760களில் உலகைச் சுற்றிவந்த பிரெஞ்சுக் கப்பல் தலைவர் பூகென்வில்லின் பெயரைத்தான் ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது சைக்கிள் ஸ்டாண்ட் மரம். பஞ்சு பஞ்சாகப் பூத்துக் கொட்டுகிறதே, அது வாகை. போரில் வென்றவர்கள் சூடிய பூ. இன்றைக்கும் "கோப்பையை வென்று வாகை சூடியது" என்று பேப்பரில் படிக்கிறோம். ஆனால் மரத்தின் பெயர் தெரியாமலேயே மூன்று வருஷம் அதன் நிழலில் வண்டி நிறுத்துகிறோம்!

மூன்றாவது, என்னை மாற்றிய பூ. நித்திய கல்யாணி. ஒர்க்‌ஷாப் பின்பக்கம் குப்பைமேட்டில்கூடப் பூக்கும். சின்ன வயதில் அதைப் பறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "கீழ போடுடா, அது சுடுகாட்டுப் பூ!" என்று அப்பாயி தட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடத்திலும் பூப்பதால் கல்லறைகளில் அது நிறைய இருக்கும். அதனால் வந்த பெயர்.

நான்கு வருஷத்துக்கு முன் என் சித்தி மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஏற்றிய மருந்துகளில் ஒன்று வின்கிரிஸ்டின். அது எதிலிருந்து வருகிறது என்று பிறகு தேடிப் பார்த்தேன். நித்திய கல்யாணி! மடகாஸ்கர் தீவுச் செடி. 1950களில் சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று சோதித்த கனடா விஞ்ஞானிகள், அதில் ரத்த வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள் இருப்பதைக் கண்டார்கள். அந்த வழியில் வந்தவைதான் இந்த மருந்துகள். (இலையை யாரும் தின்று பார்க்காதீர்கள், விஷம்!) தம்பி இப்போது ஆறாம் வகுப்பு. அவன் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பூவின் படத்தையும் ஒட்டி வைத்திருக்கிறேன். அப்பாயி தினமும் இரண்டையும் பார்க்கிறார்.

சரி, மெக்கானிக்கல்காரனுக்கு இது எதற்கு? ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்று ஒருவர் இருந்தார் (1865–1932). இளமையில் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பழகியவர், நம்ம ஃபவுண்டரி ஆள்! பின்பு பெர்லினில் கலைத்தொழில் பள்ளி ஆசிரியர். மாணவர்களுக்கு டிசைன் சொல்லித்தர, தானே அமைத்த கேமராவில் பூவையும் தளிரையும் ஒவ்வொன்றாக 30 மடங்குவரை பெரிதாக்கிப் படம் எடுத்தார். சுருண்ட தளிர், இரும்பு கேட்டின் வளைவு மாதிரியே தெரியும். 1928இல் அவர் புத்தகம் வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதுவரை அவர் வெறும் வாத்தியார்!

நண்பர்களே, வருஷா வருஷம் விழாவுக்கு முன்னால் வளாகத்தைச் "சுத்தம்" செய்கிறோம். களை என்று வெட்டுவதில் தும்பையும் போகிறது, நித்திய கல்யாணியும் போகிறது. வெட்டுவதற்கு முன் ஒருமுறை பெயராவது கேட்போமா? ஆளுக்கு ஒரு பூ. ஒரு படம், அதன் கீழே ஊர்ப் பெயர், வந்த இடம், வீட்டுப் பெரியவர்கள் சொன்ன ஒரு சேதி. சேர்த்து ஒரு ஆல்பமாக்கி நூலகத்தில் வைப்போம். மாணவர் பேரவை மனது வைத்தால் அடுத்த ஆண்டே முடியும்.

"டிப்ளமோதானே?" என்று நம்மையும்தான் ஒரு வார்த்தையில் ஒதுக்குகிறார்கள். கிட்டே வந்து பார்க்காதவர்கள் வைத்த பெயர் அது. நாமாவது ஒரு பூவைக் கிட்டே போய்ப் பார்ப்போம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்