சீல் அடித்த கடதாசி உறுதியாகாது



சமாதான நீதவான் சீல் அடித்த ஒரு சத்தியக் கடதாசி, கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. எமது தோட்டங்களில் வீடும் காணியும் அனேகமாக இப்படித்தான் கைமாறுகின்றன. ஆனால் கைமாறும் காசு சின்னக் காசு அல்ல. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கும் சேமலாப நிதி அது. முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்த காசு ஒரே மாலையில் ஒரு கடதாசிக்குப் போய்விடுகிறது. அந்தக் கடதாசி காணிக்கு எந்த உரிமையையும் தராது என்பதை இந்த இதழில் வெளிப்படையாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்த நாட்டில் காணி விற்பனைக்கு இன்றும் அடிப்படையாக இருப்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். எம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்துகொண்டிருந்த காலத்துச் சட்டம். காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க விற்பவர் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் அது செல்லாது என்கிறது அது. சமாதான நீதவான் நொத்தாரிசு அல்ல. கிராம சேவகரும் அல்ல, தோட்டத்துத் தொரையும் அல்ல, எமது சங்கத்துத் தலைவர்மாரும் அல்ல. "டீச்சர், சீல் அடிச்சிருக்கே" என்று பள்ளிக்கூடம் விட்டதும் கடதாசியை நீட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

முற்பணத்துக்கும் இதே கதைதான். காணியை விற்கிறேன் என்ற உடன்படிக்கையும் நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் அதை வைத்து விற்கச் சொல்லி வழக்குப் போடலாம். வெறும் பற்றுச்சீட்டு இருந்தால் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், காணியைக் கேட்க முடியாது. விலை ஏறியதும் விற்பவர் மனம் மாறுவது இதனால்தான்.

தோட்டத்து வீட்டை வாங்கலாமா என்பதுதான் அதிகம் வரும் கேள்வி. பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழ் இருக்கும் காணி கம்பனியுடையது அல்ல. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தின் கீழ் அரசு எடுத்த காணி அது. பெரும்பகுதி ஜனவசம என்று நாம் சொல்லும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் கீழும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் கீழும் இருக்கிறது. கம்பனிகள் 1992 இலிருந்து 53 வருடக் குத்தகைக்காரர்கள். குத்தகைக்காரனால் அறுதி உறுதி எழுதிக் கொடுக்க முடியாது. அப்படியிருக்க, லயக்காம்பிராவிலோ கடன் வீட்டிலோ இருப்பவர் எதை விற்கிறார்? தான் இருக்கும் இருப்பை மட்டும்தான். வாங்குபவருக்கும் அந்த இருப்புக்கு மேல் எதுவும் கிடைக்காது.

"நாலு தலைமுறையா இருக்கோம், பத்து வருஷம் இருந்தாலே சொந்தம்னு சொல்றாங்களே" என்று கேட்கிறார்கள். பத்து வருட ஆட்சி உரிமை 1871 ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தில் உள்ளதுதான். ஆனால் அது தனியாருக்கு எதிராக, அவர் உரிமையை ஏற்காமல் தடையின்றி ஆண்டு வந்தவருக்கானது. அரசுக்கு எதிராக அந்தப் பத்து வருடக் கணக்கு ஓடாது. அதோடு, தோட்டம் தந்த வீட்டில் தோட்டத்தின் அனுமதியோடு இருப்பவர் எதிரிடையாக இருப்பவர் ஆகமாட்டார். இரண்டு நூற்றாண்டு உழைப்புக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அதனால்தான் காணியுரிமையை நீதிமன்றத்தில் மட்டும் அல்ல, அரசியலிலும் கேட்கிறோம்.

தோட்டத்துக்கு வெளியே, டவுனுக்குப் பக்கத்தில் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அது நல்லதே. அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் நொத்தாரிசின் கந்தோர் அல்ல, மாவட்டக் காணிப் பதிவகம். விற்பவரின் உறுதியில் உள்ள பதிவு இலக்கத்தைக் கொடுத்தால் அந்தக் காணியின் பதிவேட்டுச் சாறு கிடைக்கும். சிங்களத்தில் 'பத்இரு' என்பார்கள். கடைசியாக யார் பெயரில் இருக்கிறது, வங்கிக்கு ஈடு வைக்கப்பட்டிருக்கிறதா, நீதிமன்றத் தடை இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவது வழக்கம். உறுதி எழுதிய பிறகும் அது பதியப்பட்டதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். ஒரே காணியை ஒருவர் இரண்டு பேருக்கு விற்றால், இரண்டாவதாக வாங்கியவர் நேர்மையாகக் காசு கொடுத்து முந்திப் பதிந்திருந்தால், முதலில் வாங்கிப் பதியாமல் இருந்தவர் தோற்றுப்போவார். அதே நேரம், பதிவு என்பது இல்லாத உரிமையை உண்டாக்கித் தராது. விற்றவருக்கு உரிமை இருந்ததா என்பது தனிக் கேள்வி.

இந்த இடத்தில் குடும்பக் கதை வருகிறது. தகப்பன் மரணசாசனம் எழுதாமல் இறந்துவிடுகிறார், மூத்த மகன் காணியை விற்கிறார். மலையகத்தில் எமக்குப் பொருந்தும் பொதுச் சட்டத்தின்படி பாதி தாய்க்கு, மறுபாதி பிள்ளைகளுக்குச் சமமாக. கல்யாணம் கட்டிக்கொடுத்த மகளுக்கும் பங்கு உண்டு. 20 பேர்ச்சஸ் காணி, தாயும் நாலு பிள்ளைகளும் என்றால் தாய்க்கு 10, ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டரை. மூத்தவர் தனியாக எழுதும் உறுதியில் உங்களுக்கு வந்து சேர்வது அந்த இரண்டரைதான், அவர் எத்தனை பேர்ச்சஸ் என்று எழுதினாலும்.

1977 இலும் 1983 இலும் அடிபட்டு வன்னிக்குப் போன எமது உறவுகளின் காணிகள் பல அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். அனுமதிப்பத்திரத்தை விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் உள்ள காணியையும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் விற்றால் அந்த உறுதி செல்லாது. சொந்தக்காரர் விற்கிறார் என்பதற்காக இதைப் பார்க்காமல் விட வேண்டாம்.

செலவைப் பற்றி. முத்திரைத் தீர்வையை வாங்குபவர் கட்ட வேண்டும்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம். பத்து இலட்சத்துக்கு 39,000 ரூபா. இதைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். வரி அதிகாரிகள் காணியை மதிப்பிட்டு மிகுதியைக் கேட்கலாம். பிறகு உரிமையில் குறை வந்து காசைத் திருப்பிக் கேட்கும்போது, உறுதியில் எழுதிய தொகைக்கு மேல் கொடுத்ததாக நிரூபிப்பது உங்கள் பாடு.

மலைச்சரிவில் வாங்குகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேளுங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்ததை நாம் மறக்கவில்லை. விலை மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும்.

இப்போது எமக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. கஷ்டப்பட்டு வாங்கிய காணி வட்டிக் கடனில் போகிறது. மகளை வெளிநாடு அனுப்ப, வைத்தியம் பார்க்க, உறுதியை வைத்துக் கடன் கேட்கிறார்கள். கடன் கொடுப்பவர் ஈட்டு உறுதி எழுதாமல் நிபந்தனை உறுதி எழுதுகிறார். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய அந்தப் பத்திரம் உண்மையில் விற்பனை உறுதி. குறித்த தவணைக்குள் காசைக் கட்டினால் திருப்பி எழுதித் தருவேன் என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். தவணை தாண்டியதும் அவர் சொந்தக்காரர். ஈடு என்றால் அப்படிப்பட்ட தனியார் கடன்காரர் வழக்குப் போட்டுத்தான் காணியை விற்பிக்க வேண்டும். உண்மையில் அது கடன்தான் என்று 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வாதாட வழி இருக்கிறது. ஆனால் அது வருடக்கணக்கில் இழுபடும் வழக்கு, கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் ஒருவரால் தாங்க முடியாத வழக்கு. தமிழில் உறுதி எழுத அனுமதி பெற்ற நொத்தாரிசுகள் இருக்கிறார்கள். உறுதியை வாசித்து விளக்குவது நொத்தாரிசின் கடமை, தயவு அல்ல. விளங்கும்வரை பேனையைத் தொடாதீர்கள்.

இதில் தொழிலாளியை மட்டும் குறை சொல்லி விட்டுவிட முடியாது. வீட்டுக் கடனைச் சம்பளத்தில் பிடித்து முடித்த பிறகும் உறுதி கிடைக்காத குடும்பங்கள் ஒவ்வொரு பிரிவிலும் இருக்கின்றன. 2015 இலிருந்து 7 பேர்ச்சஸ் என்று பேசப்படுகிறது. விழா மேடையில் பத்திரம் கொடுக்கிறார்கள். அந்தப் பத்திரம் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா, வங்கி அதை ஏற்குமா என்று கேட்டால் மேடை அமைதியாகிவிடுகிறது. உறுதி இல்லாத வீடுதான் சத்தியக் கடதாசியில் விற்கப்படுகிறது. கடன் கட்டி முடித்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதியப்பட்ட அறுதி உறுதி வேண்டும் என்பது எமது கோரிக்கை. அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை மேசையிலும் இது இருக்க வேண்டும்.

மாவட்டக் காரியாலயங்கள் ஒவ்வொன்றும் மாதத்தில் ஒரு நாளைக் காணிக் கடதாசி பார்ப்பதற்கென்று ஒதுக்க வேண்டும் என்று நிர்வாக சபையைக் கேட்டுக்கொள்கிறோம். தோட்டத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிகளும் இப்போதிலிருந்தே ஒன்றைச் செய்யலாம்: காணி விற்பனைக் கடதாசியில் சாட்சிக் கையெழுத்து வைக்கக் கேட்டால் மறுத்துவிட்டு, அவரைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் வாருங்கள். உறுதி, வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு எல்லாவற்றினதும் போட்டோப் பிரதி போதும். மூலப் பிரதியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.