பத்து வெள்ளிப் பங்கு

எஸ்பிஎம் முடிவு வெளியாகும் நாளில் வானொலிக்கு வரும் அழைப்புகளில் மகிழ்ச்சியோடு கொஞ்சம் கசப்பும் கலந்திருக்கும். "பக்கத்து வீட்டுப் பையனுக்கு மட்டும் எப்படி இத்தனை ஏ?" என்பார்கள். "பொறாமைப்படாதீர்கள்" என்று சொல்வது சுலபம். வள்ளுவர் 'அழுக்காறாமை' என்று தனி அதிகாரமே எழுதியிருக்கிறார். புத்திமதியால் போகிற குணமாக இருந்தால் அது எப்போதோ போயிருக்கும்.

நான் வளர்ந்தது நெகிரி செம்பிலான், பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். ஒரே கூரை, நடுவில் பலகைச் சுவர். அடுத்த வீட்டுக்குப் புதுத் தொலைக்காட்சி வந்தால் சத்தம் நம் வீட்டில் கேட்கும். பொறாமை வளர இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால், இப்படிப்பட்ட லயங்களில் இருந்தவர்கள்தான் ஒரு பெரிய காரியம் செய்தார்கள்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்க, தலைமுறையாகப் பால்மரம் வெட்டியவர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம்.

சங்கம் முதலில் வாங்கியது கெடாவில் இருக்கும் புக்கிட் சிடிம் தோட்டத்தை. பணம் கட்டிய எத்தனையோ பேர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். காப்பாற்றப்பட்டது யாரோ ஒருவரின் வேலை, யாரோ ஒருவரின் வீடு. ஆனாலும் 'நம்ம தோட்டம்' என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதில் அவர்கள் காசும் இருந்ததே!

நமக்குப் பங்கில்லாத வெற்றிதான் வயிற்றை எரிக்கிறது. தம்பி மகன் பட்டம் வாங்கினால் ஊரெல்லாம் சொல்கிறோம். அவன் படிப்புக்கு நாமும் பேருந்துக் காசு கொடுத்திருக்கிறோம், அல்லவா?

அந்தப் பங்கை வெளியாருக்கும் போடலாம். வேலையிடத்தில் உங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர் பதவி உயர்வு நேர்காணலுக்குப் போகிறாரா? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். உபகாரச் சம்பள விண்ணப்பம் பற்றித் தெரிந்தால் மறைக்காமல் நாலு வீட்டுக்குச் சொல்லுங்கள்.

மனசார வாழ்த்த வரவில்லையா? பரவாயில்லை. முதலில் உங்கள் பங்கைப் போடுங்கள். மனசு பின்னாலேயே வந்து சேரும்.