கணக்குப் புத்தகம் யார் கையில்?



தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் பாட்டன் பூட்டன் சொல்லி வைத்தார்கள். கொடுக்கிறவர் மனம் நோகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் சொன்னது அது. ஆனால் கொடுக்கிறவர் நமக்கு உறவுமில்லை, பக்கத்து லயத்துக்காரருமில்லை, கடல் தாண்டி இருக்கும் ஒரு கடைக்காரர் என்றால்? அதுவும் வாரா வாரம் வியாழன் இரவு தவறாமல் கொடுக்கிறார் என்றால்? அந்த மாட்டின் பல்லோடு குளம்பையும் வாலையும் சேர்த்தே பார்த்துவிடுவது நல்லது.

நான் சொல்ல வந்தது கணினி விளையாட்டுகளைப் பற்றி. "வாத்தியாருக்கு விளையாட்டில் என்ன பேச்சு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் பெயரும், உங்கள் கைப்பேசி எண்ணும், சில வீடுகளில் உங்கள் வங்கி அட்டையும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

முன்பெல்லாம் கணினி விளையாட்டு ஒரு தட்டில் வரும். கடையில் காசு கொடுத்தால் தட்டு நம் வீட்டு அலமாரிக்கு வந்துவிடும். இப்போது கடையே இணையத்தில்தான். அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2003இல் தொடங்கிய 'ஸ்டீம்' இவற்றில் பெரியது. 2018 டிசம்பரில் 'எபிக் கேம்ஸ்' என்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனி எதிர்க்கடை போட்டது. போட்ட கையோடு, விலை போட்டு விற்ற நல்ல விளையாட்டுகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் கொடுத்தது 'சப்நாட்டிகா' என்ற கடலடி விளையாட்டு. தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று, 2019இலிருந்து வாரத்துக்கு ஒன்று. குறித்த நாளுக்குள் பொத்தானை அழுத்தினால் அது நம் கணக்கில் ஏறிவிடும். 2020 மே மாதம் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' என்ற பேர்போன விளையாட்டைக் கொடுத்தபோது, உலகம் முழுவதும் கூட்டம் முண்டியடித்து அந்தக் கடையே பல மணி நேரம் திணறிப் போயிற்று.

சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் செம்பவாங்கில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஜோகூர் பாலம் தாண்டினால் எட்டிவிடும் தூரம். இன்று அடுக்குமாடி வீடுகளும் ரயில் நிலையமுமாக இருக்கும் அந்த வட்டாரம் ஒரு காலத்தில் கித்தாத் தோட்டம். அங்கே இரப்பர் வளர்த்த புக்கிட் செம்பவாங் கம்பெனி பிற்காலத்தில் வீடு கட்டி விற்கும் கம்பெனியாக மாறியது. 1938இல் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் துறை அங்கே திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்தவர்கள் பலர் அங்கே உழைத்தார்கள். ஆக, செம்பவாங் நமக்கு அந்நிய ஊர் அல்ல. நம்மைப் போலவே உழைத்து, நம்மைப் போலவே கடன் சொல்லிச் சாமான் வாங்கிய சனங்கள் வாழ்ந்த ஊர்.

தங்கை மகனுக்குப் பதினேழு வயது. கணினியைத் திறந்து பெருமையோடு காட்டினான்.

"மாமா, மொத்தம் 412 விளையாட்டு. ஒரு காசு செலவில்லை."

"எத்தனை விளையாடியிருக்கே?"

கொஞ்சம் யோசித்தான். "ஒரு முப்பது இருக்கும் மாமா. சும்மா கொடுக்கிறாங்க, எடுத்து வெச்சா என்ன நட்டம்?"

அடுப்படியிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள். "அண்ணே, இவன் விளையாடுறதைவிடச் சேர்க்கிறதுதான் அதிகம்!"

அதே கட்டடத்தில் கீழ் மாடியில் அவனுக்கு ஒரு கூட்டாளி. அவன் ஸ்டீம் கட்சி. வேறு கடையில் சும்மா கிடைக்கிற விளையாட்டையும் தொடமாட்டானாம். அதையே ஸ்டீமில் காசு கொடுத்து வாங்குவானாம். என் விளையாட்டெல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், என் சிநேகிதர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பது அவன் வாதம். ஒருவன் எல்லாக் கடையிலும் அள்ளுகிறான், மற்றவன் ஒரே கடைக்கு விசுவாசம் காட்டுகிறான். இரண்டு பேரையுமே நான் குறை சொல்லவில்லை. ஸ்டீமுக்கு விசுவாசம் காட்ட நியாயமான காரணமும் உண்டு. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பிடிக்காத விளையாட்டைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம் என்று 2015இல் அந்தக் கடை விதி வைத்தது.

ஆனால் இருவரும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது?

தோட்டத்துக் கடையில் கடன் வாங்கிப் பழகியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அட்டையில் 555 என்று அச்சிட்ட அந்தச் சின்னப் புத்தகத்தை யார்தான் மறப்பார்கள்? அரிசி, சர்க்கரை, மீன் டின் எல்லாம் அதில் ஏறும். கடைக்காரர் ஒன்று வைத்திருப்பார், நம் வீட்டிலும் ஒன்று இருக்கும். சம்பளத்தன்று இரண்டையும் ஒத்துப் பார்த்தால் தகராறு தீர்ந்தது. இந்தப் புதுக் கடைகளில் இருப்பது ஒரே புத்தகம். அதுவும் கடையில்தான் இருக்கிறது. நம் பிள்ளை 412 என்று சொல்வது அந்தப் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே எழுதியிருக்கும் கணக்கு.

பழைய கடையில் நம்மைக் கட்டிப் போட்டது கடன். பாக்கி இருக்கும்வரை வேறு கடைக்குப் போக முகம் வராது. புதுக் கடையில் கட்டிப் போடுவது சேமிப்பு. நானூறு விளையாட்டை ஒரே இடத்தில் சேர்த்தவன் அந்தக் கடையை விட்டு எப்படி வெளியேறுவான்? வெளியேறினால் அத்தனையும் அங்கேயே தங்கிவிடும். இது தெரிந்துதான் கடைக்காரர் முதல் மூட்டையை இனாமாகக் கொடுக்கிறார்.

நான் கற்பனையாகச் சொல்லவில்லை. 2021இல் எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் அமெரிக்காவில் வழக்கு நடந்தபோது கம்பெனியின் உள்கணக்குகள் வெளியே வந்தன. 2019 செப்டம்பர் வரை 38 விளையாட்டுகளை இலவசமாகக் கொடுப்பதற்காக, அவற்றை உருவாக்கியவர்களுக்கு எபிக் ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்திருந்தது. அதனால் கிடைத்த புதுக் கணக்குகள் ஏறத்தாழ 50 லட்சம். வகுத்துப் பாருங்கள், தலைக்கு இரண்டே கால் டாலருக்குச் சற்று மேல். ஒரு வாடிக்கையாளரின் பெயரைப் புத்தகத்தில் எழுத கடைக்காரர் கொடுத்த விலை அது. இதில் மோசடி ஒன்றுமில்லை. உருவாக்கியவருக்குக் கூலி கிடைத்தது, பிள்ளைக்கு விளையாட்டுக் கிடைத்தது. ஆனால் அது தானம் இல்லை, வியாபாரம். அதைப் பிள்ளை தெரிந்திருக்க வேண்டும்.

கடை மூடினால் என்ன ஆகும்? சிங்கப்பூர்க்காரரான மின் லியாங் டான் கூட்டாகத் தொடங்கிய ரேசர் கம்பெனி 2018 ஏப்ரலில் ஒரு விளையாட்டுக் கடை திறந்தது. 2019 பிப்ரவரி 28ஆம் தேதி மூடிவிட்டது. ஓராண்டுகூட நிற்கவில்லை. நல்லவேளையாக, அங்கே விற்ற குறியீடுகள் ஸ்டீம் போன்ற கடைகளில் செல்லக்கூடியவை என்பதால் வாங்கியவர்கள் தப்பித்தார்கள்.

எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 'பிரெண்ட்ஸ்டர்' ஞாபகம் இருக்கிறதா? நம் தோட்டத்து இளைஞர்கள் பலர் முதன்முதலில் படம் போட்டுச் சிநேகிதம் தேடிய இடம் அது. 2009 கடைசியில் நம் நாட்டு எம்.ஓ.எல். கம்பெனி அதை வாங்கியது. 2011இல் பழைய படங்களையும் எழுத்துகளையும் அழித்துவிட்டு அதை விளையாட்டுத் தளமாக்கினார்கள். முன்னறிவிப்பு கொடுத்தார்கள்தான். பார்க்காமல் விட்டவர்களின் படங்கள் போனது போனதுதான். 2015இல் அந்த விளையாட்டுத் தளமும் நின்றது.

காசு கொடுத்து வாங்கியதற்கும் இதே கதிதான். 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை யூபிசாஃப்ட் கம்பெனி 2024 மார்ச் 31ஆம் தேதி நிறுத்தியது. முழு விலை கொடுத்து வாங்கியவர்களாலும் அதற்குப் பிறகு விளையாட முடியவில்லை. இப்படிப்பட்ட புகார்கள் பெருகியதால் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். விற்பது வெறும் உரிமம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைக் கடைகள் போடக் கூடாது என்பது அந்தச் சட்டம். 2025 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், பணம் கட்டும் பக்கத்தில் ஸ்டீம் அந்த உண்மையை எழுதி வைத்தது. கணக்கை விற்கவோ வேறொருவர் பெயருக்கு மாற்றவோ கூடாது என்பதும் அதன் விதி. அண்ணன் சேர்த்தது தம்பிக்குச் சொத்தாகப் போகாது.

செம்பவாங்கில் சன் பிளாசா என்ற கட்டடத்துக்குள் பொது நூலகம் இருக்கிறது. பிள்ளைகள் போகிறார்கள், புத்தகம் எடுக்கிறார்கள், தவணைக்குள் திருப்பிக் கொடுக்கிறார்கள். அந்தப் புத்தகம் தன்னுடையது என்று எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை. இரவல் என்று தெரிந்துதான் எடுக்கிறது, இரவல் என்று தெரிந்துதான் ரசிக்கிறது. விளையாட்டுக் கடையில் கிடைப்பதும் பெரும்பாலும் இரவல்தான். தவணைத் தேதி மட்டும் எழுதியிருக்காது.

ஆகவே, 'இலவசமா? தொடாதே!' என்று பிள்ளைகளை விரட்டாதீர்கள். நல்ல விளையாட்டு சும்மா கிடைத்தால் விளையாடட்டும். ஆனால் சில காரியங்களைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

முதலாவது, கணக்கு எந்த மின்னஞ்சலில், எந்தக் கைப்பேசி எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று நாம் சிம் அட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். பழைய எண்ணைத் தூக்கிப் போட்ட பிறகு, அந்த எண்ணுக்குக் குறியீடு அனுப்பினோம் என்று கடை சொன்னால் பிள்ளை என்ன செய்வான்?

இரண்டாவது, இலவசம் என்று யாரோ அனுப்பும் தொடுப்பை அழுத்த வேண்டாம். கடையின் சொந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். இலவசத்தின் பெயரைச் சொல்லிக் கணக்கைத் திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு அடுக்குப் பாதுகாப்பைப் போட்டு வையுங்கள். வங்கி அட்டை எண்ணைக் கடையில் பதிந்து வைக்க வேண்டாம்.

மூன்றாவது, இலவசம் என்பதால் அது சிறுவர்க்கு ஏற்றது என்று ஆகிவிடாது. நான் மேலே சொன்ன கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5, சிங்கப்பூரில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தப்பட்டது. வயதைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, கணக்கில் சேர்ப்பது வேறு, கணினியில் இறக்குவது வேறு. சேர்ப்பதற்கு டேட்டா அதிகம் தேவையில்லை. இறக்கினால் ஒரு பெரிய விளையாட்டே மாதம் முழுவதுக்குமான டேட்டாவை விழுங்கிவிடும். உண்மையில் விளையாடப் போவதை மட்டும் இறக்கட்டும்.

ஐந்தாவது, காசு கொடுத்துத்தான் வாங்குவது என்றால், கோப்பை நம் கையில் கொடுக்கும் கடை உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். போலந்து நாட்டில் 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. என்ற கடையில், விளையாட்டை நிறுவும் கோப்பையே இறக்கித் தனி வட்டில் சேமித்து வைக்கலாம். கடை நாளைக்கு இல்லாவிட்டாலும் கோப்பு நம் வீட்டில் இருக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். அந்த 555 புத்தகம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி, பிள்ளை எந்தெந்தக் கடையில் கணக்கு வைத்திருக்கிறான், எந்த மின்னஞ்சல், எந்த எண், கடை கொடுத்த மீட்புக் குறியீடு என்ன என்று அவன் கையாலேயே எழுதச் சொல்லி, அடையாள அட்டைகளோடு அலமாரியில் பூட்டி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் எழுத வேண்டாம். கடையில் இருக்கும் புத்தகத்துக்கு எதிராக வீட்டிலும் ஒரு புத்தகம் இருக்கட்டும்.

அடுத்த மாதம் சந்திப்போம்.