மொய் நோட்டில் ஒரு தீவு

ஆடி பிறந்தால் மற்ற ஊர்க்காரர்களுக்கு ஜவுளிக்கடைத் தள்ளுபடி ஞாபகத்துக்கு வரும். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு வயிற்றைக் கலக்கும். மொய் விருந்துப் பத்திரிகைகள் வரிசையாக வர ஆரம்பித்துவிடும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கீரமங்கலம், வடகாடு, மாங்காடு, அணவயல் வட்டாரத்தில் ஆடியும் ஆவணியும் மொய் விருந்து சீசன். கல்யாணமும் வேண்டாம், காதுகுத்தும் வேண்டாம். ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஊரே வந்து மொய் எழுதும். லட்சக்கணக்கில் சேரும். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: எழுதியவர் விருந்து வைக்கும்போது வாங்கினதைத் திருப்பிச் செய்ய வேண்டும், முடிந்தால் கொஞ்சம் கூட்டியே செய்ய வேண்டும். செய்யாவிட்டால் போலீஸ் வராது. ஆனால் டீக்கடைப் பக்கம் தலை காட்ட முடியாது. அது போலீஸை விட மோசம்.

இந்த வருஷம் என் மாமா முறை. 'மாப்ளே, நீ ஆபீஸ்ல பேனா பிடிக்கிறவன், வந்து மொய் எழுது' என்று உத்தரவு. மாமா உத்தரவை மீறினால் வீட்டில் அவர் அக்காவுக்கு, அதாவது என் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். போய் உட்கார்ந்தேன்.

காலைப் பந்தி கூடும் வரை வேலையில்லை. சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது. போன வாரம் ஆபீசில் 'நீடித்த வளர்ச்சி' பற்றிப் பயிற்சி வகுப்பு. டீயும் சமோசாவும் நினைவிருக்கிறது. வகுப்பு நினைவில்லை. தாளைப் பிரித்தேன். நவுரு என்று ஒரு நாடு!

பசிபிக் கடலுக்குள் ஒரு பொட்டு. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். தீவைச் சுற்றி ஓடும் ரோடு ஏறக்குறைய 19 கிலோமீட்டர். புதுக்கோட்டையில் பஸ் ஏறி ஆலங்குடியில் இறங்குவதற்குள் ஒரு தேசத்தையே சுற்றிவிடலாம். கண்டக்டர் சில்லறை கொடுத்து முடித்திருக்க மாட்டார்.

அந்தத் தீவு முழுக்கப் பாஸ்பேட். உரத்துக்கு ஆகிற கல். நூறு வருஷத்துக்கு மேலாக வெட்டி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்பினார்கள். 1968-ல் சுதந்திரம் வந்தபின் பணம் நேரே அவர்கள் கைக்கே வந்தது. எழுபதுகளில் தலைக்கு இவ்வளவு வருமானம் என்று கணக்குப் போட்டால் உலகப் பணக்கார நாடுகளில் நவுருவும் ஒன்று. வருமான வரியே கிடையாது. (இந்த இடத்தில் நான் ஒரு பெருமூச்சு விட்டேன்.)

சும்மா இருந்தார்களா? மெல்பர்ன் நகரத்தில் 52 மாடிக் கட்டிடம் கட்டினார்கள். 1993-ல் லண்டனில் லியனார்டோ டாவின்சி பற்றிய இசை நாடகத்துக்குப் பணம் போட்டார்கள். சில வாரங்களில் நாடகத்துக்குத் திரை விழுந்தது. 2004-ல் மாடிக் கட்டிடம் விலை போனது. 2005 டிசம்பரில் கைவசம் இருந்த ஒரே விமானத்தையும் கடன் பாக்கிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நம்ம ஊரில் டிராக்டரைத் தூக்குவது போல.

அந்த 2005-ல்தான் உட்கார்ந்து இருபது வருஷத்துக்குத் திட்டம் போட்டார்கள். 'நவுரு தேசிய நீடித்த வளர்ச்சித் திட்டம், 2005-2025'. தண்ணீர், மின்சாரம், படிப்பு, வெட்டிய நிலத்தைச் சீர் செய்வது என்று எல்லாம் அதில் உண்டு. திட்டம் நல்ல திட்டம்தான். போட்ட நாளில் தீவின் ஐந்தில் நான்கு பங்கு தோண்டிக் கிடந்தது. கடல் மட்டம் உயர்வதால் கரையோர ஜனங்கள் இனி மேட்டுக்குக் குடி போக வேண்டும். அந்த மேட்டைத்தான் வெட்டி விற்றுவிட்டார்களே!

"என்ன மாப்ளே, காலையிலேயே லவ் லெட்டரா?" என்று மாமா வந்தார். கதையைச் சொன்னேன். கறிக்குழம்பை ருசி பார்த்தபடியே கேட்டார்.

"ஆக, மண்ணுகிட்ட மொய் வாங்கித் தின்னிருக்கானுக. திருப்பிச் செய்யலை. நோட்டுப் போட்டு எழுதி வைக்காத பயலுக, வேற எப்படிப் போவானுக?"

இருபது வருஷத் திட்டத்தை இருபது நொடியில் முடித்துவிட்டார்.

மத்தியானத்துக்குள் பணம் எண்ணும் மெஷின் சூடாகிவிட்டது. சாயங்காலம் கேட்டேன்.

"பணத்தை என்ன மாமா செய்யப் போறீங்க?"

"போர் போடணும் மாப்ளே. 600 அடி போர் காத்துதான் விடுது. இந்தத் தடவை 1,000 அடி."

என் தாத்தா காலத்தில் அதே கொல்லையில் கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். இன்று அதில் வேலிக்கருவை முளைத்திருக்கிறது.

நம் ஜில்லாவில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வெள்ளாற்றில் மழை பெய்தால்தான் தண்ணீர். தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் சுற்றிலும் வெள்ளைக்காரன் சீமை, நடுவில் புதுக்கோட்டை சமஸ்தானம். 1948-ல் இந்தியாவோடு சேரும் வரை கடலில்லாத தீவு. அந்தத் தீவு எதை வைத்துப் பிழைத்தது? ஆயிரக்கணக்கான குளம், கண்மாய். மழையை வாங்கு, தேக்கு, தூம்பைத் திறந்து அளந்து விடு, மிச்சத்தை நிலத்துக்குக் குடிக்கக் கொடு. தூம்புக் கல்லிலேயே கல்வெட்டு வெட்டி வைத்தார்கள். அதுதான் அவர்கள் மொய் நோட்டு.

2017 பிப்ரவரியில் மத்திய அரசு 31 எண்ணெய், எரிவாயுப் பகுதிகளைக் குத்தகைக்குக் கொடுக்க ஒப்புதல் தந்தது. அதில் நம் நெடுவாசலும் ஒன்று. ஜனங்கள் பந்தலைப் போட்டு உட்கார்ந்தார்கள். மாமாவும் மாமியும் கூடத்தான் போய் உட்கார்ந்தார்கள். 2020-ல் வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. திருவரங்குளம், கறம்பக்குடி, அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி ஒன்றியங்கள் அதில் சேர்ந்தன. நியாயமான வெற்றி.

"மாமா, எண்ணெய்க்கு ஓட்டை போட வந்தவனை விரட்டினோம். தண்ணிக்கு ஓட்டை போட ரிக் வண்டி வந்தா தேங்காய் உடைச்சுக் கற்பூரம் காட்டுறோம். விவசாயத்துக்குக் கரன்ட்டும் இலவசம். அந்த 600 அடியில இவ்வளவு வருஷமா வாங்கினீங்களே, எவ்வளவு திருப்பிச் செஞ்சீங்க?"

மாமா பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கழித்து, "கஜாப் புயலுக்கு அப்புறம், 2019-ல, இந்தப் பக்கத்துப் பசங்க தாங்களே காசு போட்டுக் குளம் தூர் வாரினாங்க. நானும் கொடுத்தேன். ஆனா அது கையில எழுதுற மொய் மாப்ளே. வாங்கினதுக்கு ஈடில்லை" என்றார்.

கடைசியில் போர் போட்டார். பொய் சொல்ல மாட்டேன். வாழையை வாட விட அவருக்கு மனசு வரவில்லை. ஆனால் பழைய கிணற்றில் இருந்த கருவையை வெட்டி, வயல் மழைத்தண்ணீர் அதற்குள் இறங்க வாய்க்காலும் வெட்டினார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'நிலத்தடி' என்று ஒரு பெயர் எழுதச் சொன்னார். எழுதினேன். வரவுக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

நவுருவில் 2015-ல் அடுத்த தலைமுறைக்கென்று புது அறக்கட்டளை நிதி தொடங்கியிருக்கிறார்களாம். இப்போது நோட்டுப் போட்டுவிட்டார்கள். மேடு போன பிறகு.

மாமாவை மடக்கிய மிதப்பில் டவுனுக்குத் திரும்பினேன். என் வீட்டிலும் மழைநீர்க் குழாய் உண்டு. 2003-ல் அரசாங்கம் கட்டாயமாக்கியபோது வைத்தது. அது எங்கே போகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகப் பின்தொடர்ந்து பார்த்தேன்.

சாக்கடைக்கு!

கடப்பாறை இரவல் வாங்கி ஒரு குழி தோண்டி, ஜல்லி போட்டுக் குழாயைத் திருப்பிவிட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாமாவுக்குப் பெருமையாகப் போன் போட்டேன்.

"ஒரு குழியா?" என்றார் மாமா. "இருபது வருஷம் பந்தியில உக்காந்து தின்னுட்டு, பதினோரு ரூபாய் மொய் எழுதுற பய நீ!"